பிள்ளைக்கு ஒரு போன், டேட்டாவுக்குக் காசு போகாமல்: திருகோணமலைப் பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

போன மார்கழி மழையில் ஒரு மாலை. உவர்மலையில் ரியூசன் முடிந்து என் மகள் வாசலில் நிற்கிறாள். அவளுக்கு அப்போது தரம் 8. கையில் போன் இருந்தது, பற்றரியில் சார்ஜும் இருந்தது. ஆனால் எனக்கு அழைக்க முடியவில்லை. காலையில் நான் போட்ட 100 ரூபா ரீலோட் முழுவதும் போய்விட்டிருந்தது. அன்று பகல் முழுக்க அவள் பள்ளிக்கூடத்தில், போன் வீட்டில் மேசை மேல். யாரும் தொடாத போன் தானாகவே செயலிகளைப் புதுப்பித்து அந்தக் காசைத் தின்றிருக்கிறது. கூடப் படிக்கும் பிள்ளையின் அப்பா வந்து, அவருடைய போனில் இருந்து எனக்குச் சொன்னார். பாலையூற்றில் இருந்து நான் போய்ச் சேர்ந்தபோது பிள்ளை தலையோடு நனைந்திருந்தாள்.

அதற்குப் பிறகு இதை ஒழுங்காகப் படித்தேன். கடைக்காரர்களிடம் கேட்டேன், நிறுவனங்களின் வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்துக் கேட்டேன், என் வீட்டிலும் அக்கா வீட்டிலும் செய்து பார்த்தேன். புரிந்த விஷயம் ஒன்றுதான். நாங்கள் எல்லோரும் போனில் உள்ள டேட்டா பொத்தானை அணைத்துவிட்டுக் காசு போகாது என்று நம்புகிறோம். அந்தப் பொத்தானைப் பிள்ளை ஒரு விரலால் திரும்பப் போட்டுவிடும். சில நேரம் போனே போட்டுவிடும். பூட்டைச் சிம்மில், நிறுவனத்தின் பக்கத்தில் போட வேண்டும். பிள்ளையின் கை எட்டாத இடம் அதுதான். போனில் செய்வதெல்லாம் இரண்டாவது பூட்டு.

கீழே நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில்: போன் எதற்கு?

கடைக்குப் போக முன் வீட்டில் இருந்து இதைத் தீர்மானியுங்கள். "வகுப்பில் எல்லாரிடமும் இருக்கு" என்பது பிள்ளையின் காரணம். உங்களுடைய காரணம் என்ன?

எங்கள் ஊரில் நான் பார்த்த வரையில் இரண்டு காரணங்கள்தான் உண்மையானவை. ஒன்று, ஏற்றி இறக்குவது. கிண்ணியாவில் இருந்து பாலம் தாண்டி டவுனுக்கு ரியூசனுக்கு வரும் பிள்ளை, நிலாவெளிப் பக்கம் போகும் பஸ்ஸைப் பிடிக்க நிற்கும் பிள்ளை, வான் பிந்தினால் சொல்ல வேண்டிய பிள்ளை. அப்பா கடலுக்குப் போயிருப்பார், அல்லது உப்புவெளி ஹோட்டலில் இரவு வேலையில் இருப்பார். அம்மாவுக்குச் செய்தி வர வேண்டும். இதற்கு அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் போதும். டேட்டா துளியும் தேவையில்லை.

இரண்டாவது காரணம் வகுப்பின் வட்ஸ்அப் குழு. 2020, 2021 கொரோனாக் காலத்தில் பாடங்கள் போனுக்குள் வந்தன. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் முழுதாகப் போகவில்லை. ஆசிரியர் பயிற்சித் தாளைப் படமெடுத்துக் குழுவில் போடுகிறார், நேர மாற்றத்தை அதில்தான் சொல்கிறார். இதற்கு இணையம் வேண்டும். ஆனால் இது வீட்டில் இருக்கும்போது செய்யும் வேலை. தெருவில் நிற்கும் பிள்ளைக்கு வட்ஸ்அப் குழு தேவைப்படாது.

பள்ளிக்கூடத்துக்குள் மாணவர் போன் கொண்டுபோக எங்கள் பள்ளிக்கூடங்கள் பொதுவாக விடுவதில்லை. அதனால் பிள்ளையின் போன் பெரும்பாலும் பின்னேரத்து போன். வீட்டில் இருந்து ரியூசன், ரியூசனில் இருந்து வீடு. இதை மனதில் வைத்துப் பார்த்தாலே பாதி ஆசை குறைந்துவிடும், செலவும் குறையும்.

மூன்று வழிகள் உண்டு, நான் சொல்வது மூன்றாவது

முதல் வழி, பட்டன் போன் மட்டும். தரம் 5, 6, 7 பிள்ளைகளுக்கு இதற்கு மேல் வேண்டாம் என்பது என் முடிவான எண்ணம். சார்ஜ் நாட்கணக்கில் நிற்கும். விழுந்தாலும் பெரும்பாலும் உடையாது. மழைக்காலத்தில் கரன்ட் போனாலும் அழைக்கலாம், எஃப்.எம். ரேடியோவில் செய்தி கேட்கலாம், அதற்கு டேட்டா தேவையில்லை. தொலைந்தால் நெஞ்சு வெடிக்காத விலை.

ஆனால் பட்டன் போன் என்றால் டேட்டா போகாது என்று நினைக்காதீர்கள். எங்கள் ஆட்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். இப்போது வரும் பல பட்டன் போன்களில் சின்ன உலாவி இருக்கிறது, சிலவற்றில் ஃபேஸ்புக்கும் விளையாட்டும் போட்டுத் தருகிறார்கள். நடுப் பட்டனைத் தெரியாமல் அழுத்தினால் உலாவி திறக்கும், காசு போகும். இணையமே இல்லாத மாதிரிகளும் உண்டு. நோக்கியா 105-இன் பழைய 2ஜி மாதிரி அப்படிப்பட்டது. கடையில் கேட்க வேண்டிய கேள்வி "இதில் இன்டர்நெட் இருக்கா?" என்பது. "நல்ல போனா?" என்று கேட்டால் ஒரு பதில்தான் வரும்.

"பட்டன் போன்தான், ஆனா வட்ஸ்அப் வேலை செய்யும்" என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் போன்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அந்த வகைப் போன்களில் புதிதாக வட்ஸ்அப் இறக்குவது 2024 ஜூனில் நிறுத்தப்பட்டுவிட்டது. வட்ஸ்அப்பை நம்பி அதை வாங்காதீர்கள்.

இரண்டாவது வழி, சிம் போட்ட ஸ்மார்ட் போன் ஒன்று, அதில் டேட்டாவைப் பூட்டுவது. ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகளுக்கு இது சரி வரும். பூட்டுகளைச் சரியாகப் போட வேண்டும். அதைக் கீழே விளக்கமாக எழுதியிருக்கிறேன்.

மூன்றாவது வழி எங்கள் வீட்டில் ஓடுவது. வெளியே கொண்டுபோக ஒரு பட்டன் போன், அதில் சிம். வீட்டில் ஒரு பழைய ஸ்மார்ட் போன், அதில் சிம்மே இல்லை. வைஃபை மட்டும். சிம் இல்லாத போனில் மொபைல் டேட்டாவுக்குக் காசு போக வழியே கிடையாது. பெரும்பாலான வீடுகளில் அப்பாவோ சித்தப்பாவோ மாற்றிய பழைய போன் ஒன்று லாச்சிக்குள் கிடக்கும். அதை எடுத்துத் துடைத்துக் கொடுக்கலாம்.

"சிம் இல்லாமல் வட்ஸ்அப் எப்படி?" என்று கேட்பார்கள். வட்ஸ்அப்புக்குச் சிம் அந்தப் போனுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று இல்லை. ஸ்மார்ட் போனில் வட்ஸ்அப்பைத் திறந்து, பட்டன் போனில் இருக்கும் இலக்கத்தை அடியுங்கள். உறுதிப்படுத்தும் ஆறு இலக்கக் குறியீடு பட்டன் போனுக்கு எஸ்.எம்.எஸ்ஸாக வரும். அதைப் பார்த்து இதில் அடித்தால் முடிந்தது. பிறகு அமைப்புகளில் இரு-படிச் சரிபார்ப்பைப் போட்டு, அந்த இரகசிய இலக்கத்தை (PIN) நீங்கள் வைத்திருங்கள். ஒன்றை மறக்காதீர்கள்: வட்ஸ்அப் கணக்கு வைத்திருக்கக் குறைந்தது 13 வயது வேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் விதி. அதற்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வகுப்புக் குழு அம்மாவின் இலக்கத்திலேயே இருக்கட்டும்.

கடையில்

மத்திய வீதியிலும் என்.சி. வீதியிலும் போன் கடைகளுக்குக் குறைவில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமாக உயர்ந்ததோடு போனும் அந்த வரிக்குள் வந்தது. புதுசின் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் செக்கன்ட் ஹான்ட் பக்கம் திரும்புகிறார்கள். தவறில்லை, ஆனால் கடை வாசலைத் தாண்ட முன் சிலவற்றைப் பார்க்க வேண்டும்.

*#06# என்று அடியுங்கள். 15 இலக்கங்களில் ஐ.எம்.ஈ.ஐ (IMEI) என்ற, அந்தப் போனுக்கே உரிய அடையாள எண் திரையில் வரும். உங்கள் சொந்தப் போனில் இருந்து, ஐ.எம்.ஈ.ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கங்களை எழுதி 1909-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்புங்கள். அந்தப் போன் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவானதா என்று பதில் வரும். பதிவில்லாத போன்களுக்கு உள்ளூர் வலையமைப்பில் இடமிராது என்று ஆணைக்குழு 2025 ஜனவரியில் இருந்து இறுக்கியிருக்கிறது. ஆகவே வெளிநாட்டில் இருந்து யாரோ கொண்டுவந்த போன் என்றால் இதைச் செய்யாமல் காசு கொடுக்க வேண்டாம். இரண்டு சிம் போடும் போனில் இரண்டு எண்கள் வரும், இரண்டையும் பாருங்கள்.

பழைய ஆண்ட்ராய்டு போன் என்றால், அதில் முந்திய சொந்தக்காரரின் கூகுள் கணக்கு இன்னும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கடைக்காரத் தம்பியிடம் சொல்லி அந்தக் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கிவிட்டுப் போனை முழுதாக அழித்துத் திறக்கச் சொல்லுங்கள். கணக்கு நீக்காமல் அழித்தால், போன் திரும்பத் திறக்கும்போது பழைய கணக்கின் கடவுச்சொல்லைக் கேட்கும். அந்த ஆளை நீங்கள் எங்கே போய்த் தேடுவது?

உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள். முடிந்தால் கடைக்காரரிடம் பேசி, ஒரு நாள் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். டவுனில் நான்கு கோடு காட்டும் சிக்னல் குச்சவெளிப் பக்கமோ சம்பூர்ப் பக்கமோ ஒரு கோடாக இருக்கலாம். பிள்ளை நிற்கும் இடத்தில் எந்த நிறுவனத்தின் சிக்னல் நன்றாக வருகிறதோ அந்தச் சிம்தான் நல்ல சிம்.

வீட்டில் வைஃபையில் மட்டும் ஓடப்போகும் ஸ்மார்ட் போனுக்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு இருந்தால் போதும். மெமரி கார்ட் போடும் இடம் இருந்தால் மிக நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். கமெரா எத்தனை மெகாபிக்சல் என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். பயிற்சித் தாளைப் படமெடுத்தால் எழுத்துத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

சிம்: உண்மையான பூட்டு இங்கேதான்

சிம் உங்கள் பெயரில், உங்கள் அடையாள அட்டையில் இருக்கட்டும். அப்போதுதான் வாடிக்கையாளர் சேவைக்கு நீங்கள் அழைத்து மாற்றங்களைக் கேட்கலாம். கடையில் சும்மா தரும் யாரோ பெயரில் உள்ள சிம்மை எடுக்காதீர்கள். தொலைந்தாலும் அதே இலக்கத்தைத் திருப்பி எடுக்க முடியாது.

பிரீபெய்ட் எடுங்கள். போஸ்ட்பெய்டில் மாதக் கடைசியில்தான் பில் வரும், அப்போது நடந்தது நடந்துவிட்டிருக்கும்.

இப்போது காசு எப்படிப் போகிறது என்று பார்ப்போம். நீங்கள் போடும் ரீலோட் முதன்மை மீதியில் விழுகிறது. டேட்டா பேக்கேஜ் எதுவும் இல்லாத நேரத்தில் போன் இணையத்தைத் தொட்டால், அந்த முதன்மை மீதியில் இருந்தே எம்.பி. கணக்கில் கழியும். பேக்கேஜில் வரும் டேட்டாவைவிட இப்படிக் கழிவது விலை கூட. யூடியூபில் 480p தரத்தில் ஒரு மணி நேரம் பார்த்தால் சுமார் அரை ஜிபி போகும் என்று வையுங்கள். நூறு ரூபா முதன்மை மீதி அதில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். என் மகளுக்கு நடந்ததும் இதுதான். அவள் எதையும் பார்க்கவில்லை, பேக்கேஜ் இல்லாத சிம்மில் போனே வேலை செய்துகொண்டிருந்தது.

இன்னொரு பொறி, அழைப்பு நிமிடங்களோடு டேட்டாவையும் சேர்த்துத் தரும் பேக்கேஜ்கள். மலிவாகத் தெரியும். ஆனால் அதற்காக டேட்டாவைத் திறந்து வைக்க வேண்டும், உள்ளே இருந்த டேட்டா முடிந்ததும் கழிப்பு முதன்மை மீதிக்குத் தாவும். பிள்ளைக்கு நிமிடங்கள் மட்டும் உள்ள பேக்கேஜ் எடுங்கள், எல்லா வலையமைப்புக்கும் பேசக்கூடியதாகப் பார்த்து. அம்மம்மாவின் போன் வேறு நிறுவனத்தில் இருக்கலாம்.

டயலொக், எஸ்.எல்.டி. மொபிடெல், ஹட்ச் என்று இப்போது எங்கள் கையில் இருப்பவை இவைதான். எயார்டெல் 2024-இல் டயலொக்கோடு சேர்ந்துவிட்டது. எந்த நிறுவனமாக இருந்தாலும், சிம் உறையில் உள்ள வாடிக்கையாளர் சேவை இலக்கத்துக்கு அந்தச் சிம்மில் இருந்தே அழையுங்கள். தமிழ் மொழியைத் தெரிவு செய்யுங்கள். ஆள் எடுத்ததும் நான் கேட்ட மாதிரியே கேட்கலாம்:

"தம்பி, இது என் பிள்ளை பாவிக்கிற சிம். இதில் டேட்டாவை முழுதாக நிறுத்தித் தாருங்கள். ரீலோட் மீதியில் இருந்து டேட்டாவுக்கு ஒரு சதமும் கழியக்கூடாது. வெளிநாட்டு அழைப்பையும் நிறுத்துங்கள். நான் கேட்காத சேவை ஏதும் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்."

மூன்று வேண்டுகோள்களும் முக்கியம். முதலாவது டேட்டா. இரண்டாவது ஐ.டி.டி. என்ற வெளிநாட்டு அழைப்பு, தெரியாத வெளிநாட்டு இலக்கத்தில் இருந்து மிஸ்ட் கோல் வந்து, பிள்ளை திருப்பி எடுத்தால் காசு போகும் மோசடி இருக்கிறது. மூன்றாவது, ரிங்டோன், ஜாதகம், கிரிக்கெட் செய்தி என்று நாள்தோறும் ஐந்து, பத்து ரூபா கழிக்கும் சேவைகள். திரையில் வரும் ஒரு பெட்டியில் "சரி" என்று அழுத்தினால் அவை தொடங்கிவிடும். டேட்டா என்று நாங்கள் திட்டும் காசில் ஒரு பங்கு இவைதான்.

அழைப்பில் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். முதல் தடவை எனக்குச் "செய்துவிட்டோம்" என்றார்கள், செய்திருக்கவில்லை. இரண்டாம் தடவை அந்தக் குறிப்பை வாசித்துக் காட்டினேன், அன்றே சரியானது. தொலைபேசியில் முடியாவிட்டால் அடையாள அட்டையோடு டவுனில் உள்ள அவர்களின் கிளைக்கு நேரில் போங்கள்.

இந்தப் பூட்டின் பெரிய பலம் இது: பிள்ளை சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டாலும் டேட்டா வராது. போனில் செய்யும் எந்தப் பூட்டுக்கும் இந்தப் பலம் இல்லை.

போனில் போடும் இரண்டாவது பூட்டு

இது சிம் போட்ட ஸ்மார்ட் போன் கொடுப்பவர்களுக்கு. மெனுப் பெயர்கள் போனுக்குப் போன் கொஞ்சம் மாறும், தேடினால் கிடைக்கும்.

அமைப்புகளில் நெட்வர்க் பகுதிக்குப் போய் மொபைல் டேட்டாவையும், வெளிநாட்டில் ஓடும் ரோமிங் டேட்டாவையும் அணையுங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் ரோமிங்கை இரண்டு தடவை பாருங்கள். அதே பகுதியில் டேட்டா வரம்பு என்று ஒன்று இருக்கும். அதை 10 எம்.பி. என்று வையுங்கள். டேட்டா எப்படியாவது திறந்தாலும் 10 எம்.பி.யில் போன் தானே மூடிக்கொள்ளும்.

அடுத்தது பலர் செய்யாதது. ஏ.பி.என் என்ற பகுதியைத் திறங்கள். போன் எந்த வாசலால் இணையத்துக்குப் போக வேண்டும் என்ற முகவரி அதில் இருக்கும். அந்த முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி எழுதிச் சேமித்தால் போதும், டேட்டா பொத்தானைப் போட்டாலும் இணையம் வராது. அழைப்பும் எஸ்.எம்.எஸ்ஸும் பாதிக்கப்படாது. ஐ.எம்.எஸ் என்று ஒரு முகவரி இருந்தால் அதைத் தொடாதீர்கள், 4ஜி அழைப்பு அதில்தான் ஓடுகிறது. பட்டன் போனில் உலாவி இருந்தால் அங்கேயும் இணைய அமைப்பைத் தேடி இதைச் செய்யலாம். ஒரு குறை இருக்கிறது. சிம்மைக் கழற்றிப் போட்டாலோ போனை அழித்துத் திறந்தாலோ நிறுவனம் சரியான முகவரியைத் தானாகவே திருப்பி அனுப்பிவிடக்கூடும். அதனால்தான் இதை இரண்டாவது பூட்டு என்கிறேன்.

வைஃபை பலவீனமானால் தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் ஒரு வசதி பல போன்களில் இருக்கிறது. வைஃபை அமைப்புகளில் தேடி அணைத்துவிடுங்கள். ஐபோனில் இதற்கு வைஃபை அசிஸ்ட் என்று பெயர். கல்வீட்டில் மூலை அறையில் வைஃபை சரியாக வராது, பிள்ளை அங்கே இருந்து வீடியோ பார்க்கும், போன் சத்தமில்லாமல் சிம்முக்கு மாறியிருக்கும். யாருடைய குற்றமும் இல்லாமல் காசு போகும் வழி இது. ஐபோன் வைத்திருப்பவர்கள் ஸ்க்ரீன் டைம் பகுதியில் மொபைல் டேட்டா மாற்றங்களை அனுமதிக்காதே என்று வைத்துக் கடவுக்குறியீட்டைப் போட்டால், பிள்ளையால் அதை மாற்ற முடியாது. ஆண்ட்ராய்டைவிட ஐபோன் நல்லது என்று நான் சொல்லக்கூடிய ஒரே இடம் இது. அதற்காக ஐபோன் வாங்கச் சொல்லவில்லை.

பிளே ஸ்டோர் அமைப்பில் செயலிகள் வைஃபையில் மட்டும் புதுப்பிக்கட்டும் என்று மாற்றுங்கள். பணம் செலுத்தும் முறைகள் என்ற இடத்தில் போன் கணக்கில் கழிக்கும் வழி இருந்தால் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு கொள்வனவுக்கும் கடவுச்சொல் கேட்கட்டும் என்று வையுங்கள். விளையாட்டில் வைரக்கல் வாங்கும் காசும் டேட்டாக் காசு என்றுதான் வீட்டில் முதலில் தெரியும்.

வட்ஸ்அப்பில் படம், வீடியோ தானாக இறங்குவதை நிறுத்துங்கள். வகுப்புக் குழுவில் நாற்பது பேர் காலை வணக்கம் அனுப்புவார்கள்.

கூகுளின் ஃபேமிலி லிங்க் செயலி பற்றிப் பலர் கேட்கிறார்கள். எந்தச் செயலி இறக்கலாம், எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்பதை உங்கள் போனில் இருந்தே கட்டுப்படுத்த அது நல்லது. கட்டாயம் போடுங்கள். ஆனால் டேட்டாக் காசுக்கு அது பூட்டு இல்லை. அதோடு, நீங்கள் மாற்றும் விதி பிள்ளையின் போன் இணையத்தில் இருக்கும்போதுதான் அங்கே போய்ச் சேரும்.

சோதனை: இதைச் செய்யாமல் பிள்ளையிடம் கொடுக்காதீர்கள்

நான் அக்காவின் மகனுக்குச் செய்த மாதிரிச் சொல்கிறேன். சிம்மில் 50 ரூபா போட்டேன். மீதியைப் பார்த்துத் தாளில் எழுதினேன். வைஃபையை அணைத்தேன். டேட்டா வரம்பை எடுத்தேன், ஏ.பி.என்னைச் சரியாக மாற்றினேன், மொபைல் டேட்டாவை வேண்டுமென்றே போட்டேன். அதாவது போனின் பூட்டுகள் எல்லாவற்றையும் திறந்து, சிம்மின் பூட்டை மட்டும் தனியாக விட்டேன். உலாவியில் ஒரு செய்தித் தளத்தைத் திறக்கப் பார்த்தேன், திறக்கவில்லை. யூடியூப் சுற்றிக்கொண்டே நின்றது. பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மீதியைப் பார்த்தேன், அதே 50 ரூபா.

பிறகு ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்தேன், ஓர் எஸ்.எம்.எஸ் அனுப்பினேன், வெளியில் இருந்து அழைப்பு வருகிறதா என்றும் பார்த்தேன். மூன்றும் வேலை செய்ய வேண்டும். டேட்டாவை நிறுத்தப்போய் அழைப்பும் நின்றுவிட்டால் எல்லாம் வீண். அதன் பிறகு போனின் பூட்டுகளைத் திரும்பப் போட்டேன்.

ஒரு கிழமை கழித்து இன்னொரு தடவை மீதியைப் பாருங்கள். பேசாத நாளில் காசு குறைந்திருந்தால், அது டேட்டா இல்லை, ஏதோ ஒரு சேவை ஓடுகிறது. திரும்ப வாடிக்கையாளர் சேவைக்கு அழையுங்கள்.

டேட்டா இல்லாமல் படிப்பு

மெமரி கார்ட் இங்கேதான் உதவுகிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் பி.டி.எஃப் வடிவில் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் இருக்கின்றன. வைஃபை உள்ள இடத்தில் உங்கள் போனில் இறக்கி, பிள்ளையின் போனுக்குப் புளூடூத்திலோ கார்டிலோ மாற்றிக் கொடுங்கள். ஒரு தவணைக்கு ஒரு தடவை செய்தால் போதும். எங்கள் வீட்டில் இதை ஞாயிறு பின்னேரம் செய்வோம், கடந்த கால வினாத்தாள்களும் அப்படித்தான் சேர்ந்தன.

வீட்டில் வைஃபை இல்லாதவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அப்போது அம்மாவின் போனில் டேட்டா பேக்கேஜ் எடுத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, பக்கத்தில் இருந்து கொடுங்கள். கடவுச்சொல்லைப் பிள்ளையிடம் சொல்லாமல் நீங்களே அடித்து, வேலை முடிந்ததும் அணையுங்கள். பிள்ளையின் போனில் அந்த வைஃபையை அளவிடப்பட்டது (metered) என்று அமைப்பில் குறித்துவிட்டால், பின்னணியில் செயலிகள் அதிகம் இழுக்காது. வீடியோ அழைப்பு வகுப்பு என்றால் கமெராவை அணைத்துவிட்டு இருக்கச் சொல்லுங்கள், செலவு வெகுவாகக் குறையும்.

வீட்டு வைஃபைக்கும் மாத அளவு இருக்கிறது. அது முடிந்ததும் வேகம் விழும் அல்லது மேலும் வாங்கச் சொல்லும். "வைஃபைதானே, சும்மா" என்று பிள்ளை நினைப்பதற்கு முன் அந்த அளவைக் காட்டி விளக்குங்கள்.

பிள்ளையிடம் பேச வேண்டியது

போனைக் கொடுக்கும் நாளில் என் மகளை அருகில் இருத்தி எல்லாவற்றையும் காட்டினேன். எதைப் பூட்டியிருக்கிறேன், ஏன் பூட்டியிருக்கிறேன், மழையில் நனைந்த அந்த நாளைச் சொல்லியே விளக்கினேன். ஒளித்துப் பூட்டினால் பிள்ளை அதை உடைக்கும் வழியைத்தான் தேடும். "இந்தக் காசு நீ எனக்குக் கோல் எடுக்கிறதுக்கு" என்றேன். அவளுக்கு அது விளங்கியது.

மீதி எப்படிப் பார்ப்பது என்று அவளுக்கே பழக்கினேன். வீட்டை விட்டுக் கிளம்ப முன் பார்க்க வேண்டும். 30 ரூபாவுக்குக் கீழே இறங்கினால் அப்பாவிடம் சொல்ல வேண்டும். காசு முடிந்துவிட்டால் லோன் எடுக்காதே என்றும் சொன்னேன். நிறுவனம் தரும் அந்தக் கடனை அடுத்த ரீலோட்டில் கட்டணத்தோடு கழிப்பார்கள், அடுத்த தடவையும் மீதி குறைவாகவே தொடங்கும். உள்வரும் அழைப்புக்கு மீதி தேவையில்லை என்பதால், குறித்த நேரத்தில் அவள் அழைக்காவிட்டால் நானே அழைப்பேன் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம். ரியூசன் முடியும் நேரத்தில் இருந்து பத்து நிமிடம்.

போனின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருக்கிறேன். என் இலக்கம், அவளுடைய அம்மாவின் இலக்கம், அம்மம்மா வீட்டு இலக்கம். அதன் கீழே பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, சிறுவர் உதவிக்கு 1929. போன் பூட்டியிருந்தாலும், பற்றரி செத்துப்போனாலும், வேறு ஒருவரின் போனில் இருந்து அழைக்க அந்தத் தாள் உதவும்.

டேட்டாவை எப்போது திறப்பது?

ஓ.எல். முடித்து ஏ.எல்லுக்குப் போகும் வயதில் ஒரு நாள் திறக்கத்தான் வேண்டும். அப்போதும் ஒரே தடவையில் எல்லாவற்றையும் திறக்காதீர்கள். டேட்டாவைத் திறக்கச் சொல்லும்போது, முதன்மை மீதியில் இருந்து டேட்டாக் கழிப்பு மட்டும் நின்றபடியே இருக்க முடியுமா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். முடியும் என்றால் ஒரு சின்ன டேட்டா பேக்கேஜ் போட்டுக் கொடுங்கள். அது முடிந்ததும் இணையம் நிற்கும், அழைக்கும் காசு அப்படியே இருக்கும். முடியாது என்றால், இரண்டு சிம் போடும் போனில் அழைப்புக்கு ஒன்று, டேட்டாவுக்கு ஒன்று என்று பிரித்துவிடுங்கள். டேட்டாச் சிம்மில் பேக்கேஜைத் தவிர வேறு ரீலோட் போடாதீர்கள். அழைப்புச் சிம்மின் பூட்டை அப்படியே வைத்திருங்கள். என் மகளுக்கு இப்போது தரம் 9. அந்தப் பட்டன் போன்தான் இன்னும் அவளுடைய பைக்குள் இருக்கிறது. நேற்றுப் பின்னேரம் ஆறு மணிக்கும் அதில் இருந்துதான் அழைத்தாள்.